வைக்கோலுக்கு விலை யார் தருவது?

ஐப்பசி பிறந்தால் தஞ்சையில் அடைமழை, தில்லியில் அடைபுகை. நம் சங்கத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியை மாலையில் உதறினால் தெரியும். காலையில் எழுந்து முதல் சொல்லைப் பேசும்போது தொண்டையே சொல்லும். 2024 அக்டோபரில் ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை நடந்தபோது, கதாநாயகர் வசனத்தைக் காட்டிலும் இருமலையே மிகுதியாகப் பேசினார். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்த பிறகு வழக்கமான பேச்சு வந்தது. "இந்தப் பஞ்சாபிக்காரன் வைக்கோலைக் கொளுத்துகிறான். நம் ஊரில் மாட்டுக்குப் போடுவதை இவன் தீயில் போடுகிறான். நாலு பேரைப் பிடித்து உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்" என்றார் ஒருவர். "உள்ளே தள்ளுவானேன்? ஆலை வைத்தால் எரிசாராயம் எடுக்கலாம், மின்சாரம் எடுக்கலாம், எரிவாயு எடுக்கலாம். கழிவைக் காசாக்கத் தெரியாத நாடு இது!" என்றார் மற்றொருவர்.

அந்த இரண்டாமவர் வேறு யாருமல்லர், நானேதான். முதுகலை வேதியியல் மாணவன்; நெல் வைக்கோலிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுப்பது பற்றியது என் ஆய்வேடு. ஆய்வுக்கூடத்தில் எனக்கு வைக்கோல் என்றால் உலர்த்தி, அரைத்து, சலித்து, சீசாவில் அடைத்த வெளிர்மஞ்சள் தூள். ஒரு சோதனைக்கு 5 கிராம் போதும். அந்த ஐந்து கிராமை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்து உழவர் குலத்துக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சொன்னதை இன்று திருத்திச் சொல்லக் கடமைப்பட்டவன் ஆதலால் இதை எழுதுகிறேன்.

என்னோடு ஆய்வு செய்யும் சீக்கிய நண்பர், தீபாவளி விடுமுறைக்குத் தம் ஊருக்கு அழைத்தார். பஞ்சாபின் தென்பகுதியில் ஒரு சிற்றூர். பெயரைக் கூறேன், காரணம் போகப்போக விளங்கும். அவர் தந்தைக்குச் சொந்தமாக ஒன்பது ஏக்கர். குத்தகைக்கு இன்னும் ஆறு. நான் போனபோது நெல் அறுவடை முடிந்திருந்தது. அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் கொய்துகொண்டு, முழங்காலளவு அரிதாளை நிற்கவிட்டு, வைக்கோலை வயல் நெடுகக் கோடு கோடாய்க் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்த எனக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோற்போர் மழைக்கு முன் எழும்பாவிட்டால் என் பாட்டிக்குத் தூக்கம் வராது.

"மாட்டுக்குப் போடலாமே, பாபுஜி?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு ஒரு பிடியை எடுத்து எருமைக்கு முன்னே நீட்டினார். எருமை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே கால்நடைக்குத் தீனி கோதுமை வைக்கோல். அதற்குத் தூடி என்று பெயர். பாஸ்மதி நெல்லின் தாளையும் மாடு தின்னும். மற்ற பருவட்டு நெல்லின் வைக்கோலுக்குப் பராலி என்று பெயர். மணற்சத்தாகிய சிலிக்கா அதில் மிகுதி என்பதால் அதைத் தீனியாக மதிப்பாரில்லை. தூடி மலைபோல் குவிந்திருக்கும் வீட்டில் பராலியை யார் சீந்துவார்?

அடுத்து நான் கேட்டது, நம்மவர் எல்லோரும் கேட்பதுதான்: "கொளுத்தாமல் உழுதுவிட்டால் என்ன?" தஞ்சைத் தரணியில் குறுவை அறுத்த தாளின்மேல் அடுத்த பயிரை நடுகிறோம், அதனால்தானே அப்பருவத்துக்கே தாளடி என்று பெயர்? உண்மை. ஆனால் தாளடி நெல், சேற்றில் நடப்படுவது. ஐப்பசி மழையிலும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் தாள் மிதிபட்டு அழுகும். பஞ்சாபில் நெல்லுக்குப் பின் வருவது கோதுமை. அது சேற்றுப் பயிர் அன்று. பொலபொலத்த மண் வேண்டும். அந்த மண்ணில், குளிர் ஏறும் காலத்தில், இரண்டரை டன் வைக்கோல் ஓர் ஏக்கரில் மட்குவதற்கு நாள் ஏது?

நாள் இல்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போவது கண்டு, 2009ஆம் ஆண்டு பஞ்சாப் ஒரு சட்டம் செய்தது. ஜூன் 10ஆம் தேதிக்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்பது அதன் கட்டளை. தேதி பின்னர் மாறிமாறி வந்தாலும் நோக்கம் ஒன்றே: கோடை வெயிலில் நட்டால் தண்ணீர் ஆவியாகும், பருவமழையை ஒட்டி நட்டால் மிச்சமாகும். நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடை தள்ளும். கோதுமையோ தள்ள இடங்கொடாது. நவம்பர் நடுவுக்குள் விதை விழாவிட்டால், பங்குனி வெப்பத்தில் மணி சுருங்கிப்போகும். ஆக, ஒரு பயிருக்கும் மறு பயிருக்கும் இடையே உழவர் கையில் இருப்பது மூன்று வாரம். பல வயல்களில் அதுவும் இல்லை. தண்ணீரைக் காக்கச் செய்த சட்டம் காற்றின் தலையில் விடிந்தது. பி.ஆர். 126 போன்ற குறுகிய கால நெல்லை விதைத்தால் சில நாள் மிஞ்சும் என்பது உண்மை. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் தந்த நல்ல ரகம் அது. இருந்தும், அறுத்த நெல் மண்டியில் விலைபோகக் காத்துக் கிடந்தால் அந்த நாளும் கரைந்துவிடும்.

பெரியவர் கொளுத்த விரும்பியவர் அல்லர். வைக்கோல் கட்டும் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். பேலர் என்ற அந்த இயந்திரம் இப்போது நம் காவிரிப் படுகையிலும் ஓடுகிறது. ஆனால் பஞ்சாபில் அதற்கு முன்வேலை அதிகம். நிற்கும் தாளை ஒரு வண்டி அடியோடு வெட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். பிறகு வேறொரு வண்டி வாரி வரிசையாக்க வேண்டும். அதன்பின்தான் பேலர் வந்து கட்டும். கட்டியதைச் சுமந்துபோக டிராலி வேண்டும். வைக்கோலுக்கு உழவருக்கு ஒரு காசும் கிடையாது. வயலைக் காலி செய்து கொடுப்பதே கூலி என்பது பேச்சு. ஆலை தரும் விலை கட்டுகிறவருக்கு. அதையும் குறை சொல்வதற்கில்லை. டீசலும் ஆளும் இயந்திரக் கடனும் அவர் தலையில்தானே?

மூன்று நாளில் வருவதாகச் சொன்ன பேலர், தீபாவளி கழிந்து நான் தில்லி திரும்பும்வரை வரவில்லை. அடுத்த வார இறுதியில் மறுபடி போனேன். வந்திருந்தது; பாதி வயலைக் கட்டிவிட்டுப் போயும்விட்டது. ஆலை வாசலில் டிராலிகள் இரண்டு நாளாக வரிசையில் நிற்பதாகவும், அவை திரும்பினால்தான் மீதியைத் தொட முடியுமென்றும் சொல்லிவிட்டாராம். அப்போது நவம்பர் 9ஆம் தேதி. கோதுமை விதை மூட்டை திண்ணையில் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மேல் பெரியவர் ஒரு கவைக்கோலில் எரியும் வைக்கோலைக் குத்தி எடுத்து, வரப்போரமாக இழுத்துக்கொண்டே நடந்தார். ஏன் இந்த நேரம் என்று கேட்டேன். "செயற்கைக்கோள் மத்தியானம் பறந்து போய்விடும், அண்ணா" என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் நண்பரின் தம்பி விளக்கினான். அந்த வாரத்தில்தான் அபராதத்தை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுள்ளவர்க்கு 30,000 ரூபாய். போலீசு வழக்கு வேறு. நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பு விழுந்தால் கடனுக்கு அலைய வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் அவர் நடந்தார். பக்கத்தில் நின்ற நான், வைக்கோல் வேதியியலில் பட்டம் பெறப் போகிறவன், புகை கண்ணில் படாதபடி காற்றுக்கு எதிர்ப்புறம் ஒதுங்கி நின்றேன். அந்தப் புகை எந்த ஊரை நோக்கிப் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

பஞ்சாபில் செயற்கைக்கோள் எண்ணிய தீக்கள் 2020இல் 76,000க்கு மேல், 2024இல் 11,000க்குள். குறைந்திருப்பது உண்மைதான், எத்தனையோ உழவர் கொளுத்தாமல் விட்டிருக்கிறார்கள். ஆயினும் அந்தப் பத்தாம் வகுப்புப் பையனின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, அந்த எண்ணை அப்படியே நம்ப என்னால் இயலவில்லை.

இனி, ஆலைக்கு வருவோம். நான் பெருமை பேசிய ஆலைகள் கற்பனை அல்ல. அரியானாவில் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் டன் நெல் வைக்கோலைத் தின்று 3 கோடி லிட்டர் எத்தனால் தருவதற்கென்று அமைக்கப்பட்டது. டன்னுக்கு 150 லிட்டர். ஆய்வுக்கூடத்தில் இருப்பவனுக்கு இதைப் படித்தால் உள்ளம் துள்ளும், எனக்கும் துள்ளியது. ஆனால் இந்தக் கணக்கை வயலோரத்தில் நின்று மறுபடி போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு இரண்டரை டன் என்றால், அந்த ஓர் ஆலைக்கு 80,000 ஏக்கர் வைக்கோல் வேண்டும். ஆலை ஆண்டு முழுதும் ஓடும். வைக்கோலோ முப்பது நாளில் வாரியாக வேண்டும். நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கு மேல் கட்டி, ஏற்றி, இறக்கி, மழையும் நெருப்பும் தொடாமல் அடுத்த அறுவடை வரை காக்க வேண்டும். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் விளைகிறது. அத்தனையும் தீர இதைப்போல் நூறு ஆலை வேண்டும்.

ஆகவே தட்டுப்பாடு நொதியில் இல்லை, அமிலத்தில் இல்லை, என் ஆய்வேட்டிலும் இல்லை. பேலரில் இருக்கிறது, டிராலியில் இருக்கிறது, கொட்டகையில் இருக்கிறது. எத்தனால் ஆலைக்கு அடிக்கல் நாட்டினால் படம் எடுக்க ஆள் வரும். ஊர்தோறும் வைக்கோல் அடுக்க நாலு ஏக்கர் பொறம்போக்கும் ஒரு தீயணைப்புத் தொட்டியும் ஏற்பாடு செய்தால் யார் வருவார்?

"அப்படியானால் கொதிகலனில் போட்டு எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் போயிற்று" என்பார் உண்டு. புதிய யோசனை அன்று. 1992ஆம் ஆண்டிலேயே பத்தேகார் சாகிப் பகுதியைச் சேர்ந்த ஜல்கேரியில், நெல் வைக்கோலை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்க ஒரு நிலையம் கட்டினார்கள். அது நினைத்தபடி ஓடவில்லை. இந்த வைக்கோலோடு கொதிகலன் படும் பாட்டை நம் சமையலறையிலிருந்தே விளக்கலாம். வெல்லப்பாகு சூட்டில் இளகி, ஆறினால் கரண்டியோடு கெட்டியாய் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? நெல் வைக்கோல் எரிந்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சாம்பல்; அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதனோடு பொட்டாசியம் கூடினால், தனியாக உருகாத மணல் குறைந்த வெப்பத்திலேயே இளகிக் கண்ணாடிபோல் கொதிகலன் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது வெப்பத்தை மறிக்கும். உள்ளிருக்கும் குளோரின் குழாயை அரிக்கும். டென்மார்க்கு நாட்டார் கோதுமை வைக்கோலை நெடுங்காலமாக எரித்து வருகின்றனர். மழையில் நனைந்து சாம்பல் நிறம் கொண்ட வைக்கோலே அவர்களுக்கு உகந்தது; ஏனெனில் மழை பொட்டாசியத்தையும் குளோரினையும் கழுவி வயலிலேயே விட்டுவிடுகிறது. பஞ்சாபில் அந்த வசதியும் இல்லை. நவம்பரில் மழைக்குக் காத்திருந்தால் கோதுமை காத்திராது. 2021இல் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அழுத்திய பெல்லட்டுகளைச் சேர்த்தெரிக்க வேண்டுமென மத்திய மின்துறை ஆணையிட்டதே, அது ஒருவகையில் இத்தொல்லைக்கு மாற்று. ஐந்து பங்கென்றால் நிலக்கரிச் சாம்பலோடு கலந்து ஒட்டாமல் போய்விடும்.

ஒட்டுகிறதோ ஒட்டவில்லையோ, அந்தப் பொட்டாசியம் யாருடையது என்று எவரும் கேட்கக் காணோம். நான் சொல்ல வந்ததே இதுதான். எரிந்த வயலிலிருந்து ஒரு பிடிச் சாம்பலைக் காகிதத்தில் மடித்துத் தில்லிக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பிளாட்டினக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினேன். பள்ளியில் நாம் எல்லோரும் செய்த சோதனைதான். வெறுங்கண்ணுக்குச் சோடியத்தின் மஞ்சள். நீலக் கண்ணாடி வழியே பார்த்தால், அழகான வெளிர் ஊதா. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 25 கிலோ பொட்டாசியம் உண்டு. ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும் உண்டு. வயலில் கொளுத்தினால் தழைச்சத்து ஏறத்தாழ முழுதும் காற்றோடு போகிறது. மண்ணின் மேல்பரப்பு உயிர்கள் வேகின்றன. நம் நெஞ்சு கரிகிறது. ஆனால் பொட்டாசியத்தில் பெரும்பகுதி சாம்பலாய் அந்த வயலிலேயே விழுகிறது. கொளுத்தும் உழவர் நிலத்துக்குச் சாம்பலையாவது விட்டுவைக்கிறார். கட்டிக்கொண்டு போகும் ஆலை அதையும் விட்டுவைப்பதில்லை.

2 இலட்சம் டன் வைக்கோல் ஓர் ஆலைக்குள் போனால், 5,000 டன் பொட்டாசியம் அதனோடு போகிறது. நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாசு உரமோ ஏறத்தாழ முழுவதும் கடல் கடந்து வருவது. பஞ்சாப் மண்ணில் இச்சத்து இயல்பிலேயே மிகுதி. ஆதலால் இழப்பு இன்றைக்குத் தெரியாது. பேரன் காலத்தில் தெரியும். நிலத்தடி நீரும் அப்படித்தானே ஒரு காலத்தில் இருந்தது!

இதைக் கொண்டு, ஆலையே வேண்டாம் என்கிறேன் என எண்ண வேண்டா. வேண்டும். எது என்பதில்தான் என் அபிப்பிராயம் மாறியிருக்கிறது. கொதிகலனைவிட, ஏன், நான் உயிரைக் கொடுத்து ஆராயும் எரிசாராயத்தையும்விட, சாணத்தோடு புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் ஆலையே இந்த வைக்கோலுக்கு ஏற்றது என்று இன்று நினைக்கிறேன். அதில் கரியும் நீரியமும் வாயுவாய்ப் போகும்; தழைச்சத்தும் பொட்டாசியமும் லிக்னினும் கசடாய் மிஞ்சும். வைக்கோல் ஏற்றி வந்த டிராலி வெறுமனே திரும்பாமல் அந்தக் கசடைச் சுமந்து திரும்பலாம். இவ்வகையில் ஆசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்று எனப்படும் ஆலை, சங்ரூர் மாவட்டத்து லெஹ்ராகாகாவில் 2022இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 33 டன் எரிவாயு அதன் அளவு. எத்தனால் ஆலையும் தன் பங்குக்குச் சாம்பலைத் திருப்பித் தரட்டும். டென்மார்க்கில் கொதிகலனின் அடிச்சாம்பல் வயலுக்குத்தான் போகிறது. வைக்கோல் முழுவதையும் துடைத்தெடுக்கவும் கூடாது. ஹேப்பி சீடர் என்னும் விதைப்பு இயந்திரம் வைக்கோலுக்கு ஊடேயே கோதுமையை விதைக்கிறது. ஓராண்டு வாரினால் மறு ஆண்டு விட்டுவைக்கலாம் அல்லவா?

விலைக்கும் ஒரு வார்த்தை. கொளுத்தாத சிறு உழவர்க்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் தரவேண்டுமென்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரியானா அரசு ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் தந்தது. பின்னர் சற்றுக் கூட்டியது. இவை யாவும் "கொளுத்தாமல் இருந்ததற்குச் சன்மானம்" என்ற கணக்கில் வருபவை. சன்மானம் வேறு, விலை வேறு. 25 கிலோ பொட்டாசியமும், மட்ட நிலக்கரிக்கு அதிகம் தாழாத வெப்பமும் உள்ள ஒரு சரக்கை, வயலைக் காலி செய்து கொடுத்ததே பெரிதென்று வாங்கிப் போவது வாணிகமா? குறித்த நாளில் வண்டி வராவிட்டால் அந்த நட்டத்தை யார் ஏற்பது? ஆலைக்காரர் ஏற்கிறாரா? இல்லை. அரசாங்கம்? இல்லை. உழவருக்கு 30,000 ரூபாய் அபராதம். கரும்பாலை குறித்த நாளில் கரும்பை வெட்டாவிட்டால் நம் ஊரில் என்ன கூச்சல் எழும்! வைக்கோலுக்கு மட்டும் கூச்சல் ஏன் எழவில்லை? அதைக் கழிவு என்று நாம் பெயர் வைத்துவிட்டோம். அப்பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன். என் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சொல் மூன்று இடத்தில் இருந்தது. அடித்துவிட்டு வைக்கோல் என்றே எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளர் ஏனென்று கேட்டார், சொன்னேன், தலையசைத்தார்.

தில்லிப் புகை முழுவதும் பஞ்சாப் வைக்கோல் அன்று என்பதையும் நண்பர்கள் மறவாதிருக்க வேண்டும். கொளுத்தும் காலத்தின் உச்ச நாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போகிறது என்கிறார்கள். டிசம்பரில் ஒரு வயலும் எரிவதில்லை, நாம் இருமுவதோ நிற்பதில்லை. நம் விடுதி வாசலில் இரவு முழுதும் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்குச் சிவப்புக் குறிப்பு எழுதுவார் யாருமில்லை.

சனவரியில் பெரியவர் தொலைபேசியில் பேசினார். கோதுமை நன்றாக முளைத்திருக்கிறதாம். கட்டிய பாதியிலும் எரித்த பாதியிலும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையாம். பொங்கல் எப்படி என்று விசாரித்துவிட்டு, வரும் அக்டோபருக்கு இப்போதே சொல்லிவைத்தால் பேலர் நாள் தவறாமல் வருமா, தில்லியில் அதற்கு எழுதிப்போட ஏதாவது ஆபீசு உண்டா என்று கேட்டார். "விசாரித்துச் சொல்கிறேன், பாபுஜி" என்றேன். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.